நீறு பூத்த சருகு

மூன்று வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதத்துக் காலை ஒன்றில் என் செருப்பு உருகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் கொல்லையில் சருகைக் கூட்டிக் கொளுத்தியிருந்தேன். எட்டு மணிக்கெல்லாம் தீ அடங்கி, புகையும் நின்று, சாம்பல் மேடு மட்டும் கிடந்தது. சரி, முடிந்தது என்று போய்ப் படுத்துவிட்டேன். காலை ஆறரைக்குப் பல் விளக்கிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனவன், தூக்கக் கலக்கத்தில் அந்த மேட்டில் கால் வைத்தேன். கால் சட்டென்று உள்ளே இறங்கியது. ரப்பர் தீய்கிற நாற்றம் வந்த பிறகுதான் சூடு உறைத்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவிக்கொண்டேன். பாத ஓரத்தில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். செருப்புதான் போச்சு.

நீறு பூத்த நெருப்பு என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆபீஸ் சண்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், பங்காளித் தகராறைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். நெருப்பைப் பற்றிச் சொன்னதே இல்லை.

எங்கள் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். கொல்லையில் இரண்டு மா, ஒரு பலா, வேம்பு, புங்கை, அப்பா வைத்துவிட்டுப் போன நாலு தேக்கு. இவை போக 2018 நவம்பரில் கஜா புயல் விட்டுவைத்த தென்னைகள் சில. தை கடைசியில் தேக்கு ஆரம்பிக்கும், அப்புறம் வேம்பு, அப்புறம் புங்கை. சித்திரை பிறக்கும் வரை கூட்டக் கூட்டச் சருகு விழுந்துகொண்டே இருக்கும். இந்த வேலைக்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே முடிவு தீக்குச்சிதான். அம்மாவும் அதைத்தான் செய்தாள், நானும் அதையே செய்தேன்.

செருப்பு போன கோபமோ என்னவோ, அன்றைக்கு மண்வெட்டியை எடுத்து அந்த மேட்டை நடுவில் செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன். மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெளுத்த சாம்பல். அதற்குக் கீழே கறுப்பு. வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் கறுப்பின் ஓரமெல்லாம் சிவந்துகொண்டு வந்தது. கறுப்புக்குக் கீழே பழுப்பு, சரியான டீத்தூள் நிறம். அந்த அடுக்கில் மாவிலை மாவிலையாகவே இருந்தது. ஆனால் தொட்டால் பிசுபிசுத்தது, கையில் ஒட்டிய வாடை சோப்புப் போட்டும் போகவில்லை. அதற்கும் கீழே தரையை ஒட்டி மஞ்சள் இலைகள், சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தன. நான் ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பங்குனி வெயிலில் அப்பளமாய்க் காய்ந்த சருகைத்தான் குவித்திருந்தேன்.

வெள்ளை, கறுப்பு, பழுப்பு, ஈர மஞ்சள். ஒரே இலைக்கு அடுத்தடுத்து நடக்கப்போவதெல்லாம் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தது. சூடு மேலிருந்து கீழே மெதுவாக நடந்துகொண்டிருந்தது, நான் பாதி வழியில் அதைப் பிடித்துவிட்டேன். ஈரம் எங்கிருந்து வந்தது என்றால், மேலே வெந்த இலைகளிலிருந்துதான். எவ்வளவு காய்ந்தாலும் சருகில் பத்து சதவீதமாவது தண்ணீர் இருக்கும். அது ஆவியாகிக் கீழே இறங்கி, குளிர்ந்த இலைகளில் பட்டு மறுபடி தண்ணீராகியிருக்கிறது. இட்லிப் பானை மூடியில் நடப்பதுதான்.

பள்ளிக்கூடத்தில் எரிதல் என்றால் ஆக்சிஜனோடு சேர்தல் என்று படித்து, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இலை ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது என்றுதான் மனதில் இருந்தது. உண்மையில் கொழுந்துவிட்டு எரிகிறபோது எரிவது இலை இல்லை. சூடு பட்டால் இலை முதலில் தண்ணீரை விடுகிறது. ஈரம் முழுக்கப் போன பிறகுதான் அதன் உடம்புச் சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏற ஆரம்பிக்கும். சுமார் 220 டிகிரியில், இலைச் சுவரில் செல்லுலோஸோடு பின்னிக் கிடக்கும் ஹெமிசெல்லுலோஸ் உடைகிறது. 315 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்குள் செல்லுலோஸ், அதாவது இலையின் சுவரும் நாரும், கிட்டத்தட்ட மொத்தமாகக் குலைந்துபோகிறது. நரம்புகளைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னின் மட்டும் பிடிவாதக்காரன். 200 டிகிரிக்குக் கீழேயே லேசாகக் கரையத் தொடங்கினாலும், 800, 900 டிகிரி வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுக்கும். இந்த உடைதலுக்குக் காற்றே தேவையில்லை, சூடு போதும். வெப்பச் சிதைவு என்பார்கள். உடைந்ததெல்லாம் வாயுவாகவும் தார் ஆவியாகவும் வெளியே வரும். அந்த ஆவி காற்றோடு கலந்து பற்றிக்கொண்டால் அதுதான் சுடர். பற்றாமல் ஆறிப்போனால் அதுதான் புகை. அடுப்பில் விறகு புகைகிறபோது ஊதாங்குழலால் ஊதினால் பக்கென்று பற்றுமே, அப்போது புகை எங்கேயும் ஓடிவிடுவதில்லை. நம் கண் முன்னாலேயே தீயாகிறது.

படித்தால் மட்டும் எனக்குப் பத்தாது. பால் பவுடர் டின் ஒன்றின் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டேன். ஓட்டை இல்லாமல் யாரும் செய்துவிடாதீர்கள், டின் வெடிக்கும். உள்ளே ஒரு தேக்கிலையைச் சுருட்டி, கூடவே நாலு அரசிலையும் போட்டு, கொல்லையில் சிலிண்டர் அடுப்பை வைத்து டின்னை ஏற்றினேன். முதலில் ஓட்டை வழியாக வந்தது வெறும் நீராவி. எவர்சில்வர் தட்டைக் காட்டினால் முத்து முத்தாகத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் புகை கெட்டியாகி மஞ்சள் பாய்ந்தது, வினிகர் மாதிரி மூக்கில் ஏறியது. அதில் அசெட்டிக் அமிலம் நிஜமாகவே உண்டு. அப்போது தீக்குச்சியைக் காட்டினேன். ஓட்டையின் மேல் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு சுடர் நின்றது. டின்னுக்குள் தீ இல்லை, உள்ளே எரியக் காற்றும் இல்லை. இலை உள்ளே, எரிவது வெளியே.

சுடர் தானாக அணைந்ததும், ஆர்வக்கோளாறில் இடுக்கியால் மூடியைத் திறந்தேன். தப்பு. உள்ளே காற்றுப் போன உடனே மொத்தமும் சிவந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலானது. இரண்டாவது தடவை டின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும் வரை காத்திருந்தேன். திறந்தால், அரசிலை முழுசாக இருந்தது. கன்னங்கரேல் என்று, அளவில் கொஞ்சம் சிறுத்து, ஆனால் வால் நுனி உட்பட, ஒரு நரம்பு விடாமல். என் மகள் ஒன்றைத் தொட்டதும் பொடிந்துவிட்டது. இன்னொன்றை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டி எடுத்தோம். சுடரே இல்லாமல் ஓரத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு நகர்ந்து நகர்ந்து வந்தது. அது போன இடமெல்லாம் வெள்ளை, அந்த வெள்ளையிலும் நரம்பு வரி தெரிந்தது.

ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகில் கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு நான் கண்டுபிடித்தது எதுவும் புதிதில்லை. அடுக்கிய விறகின் மேல் தழையும் மண்ணும் போட்டு மூடி, அங்கங்கே துளை விட்டு, புகையின் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்வார்கள். கெட்டி வெள்ளையாக வந்தால் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. மெலிந்து நீலம் பாய்ந்தால் விட வேண்டியதையெல்லாம் விறகு விட்டுவிட்டது, துளையை அடைக்கலாம். நான் டின்னில் செய்ததை அவர்கள் டன் கணக்கில் செய்கிறார்கள். என்னைப்போல நேரத்துக்கு முந்தித் திறந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி சாம்பல்.

இதெல்லாம் தெரிந்த பிறகு கார்த்திகை வந்தது. கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். பனை ஓலை சடசடவென்று பற்றி, கோபுர உயரத்துக்குத் தீ எழுந்து, பத்து நிமிஷத்தில் கதை முடிந்தது. அது முழுக்க ஆவி எரிகிற தீ. அதே இரவில் தெருவில் பையன்கள் மாவலி சுற்றினார்கள். ஆண் பனையின் பூவைக் குழியில் போட்டுச் சுட்டு, கரியாக்கி, இடித்துத் துணியில் முடிந்து, பனை மட்டைக்கு நடுவில் கட்டிச் சுற்றுவது. அதில் சுடர் கிடையாது, பொறிதான் கொட்டும். ஆவியாகப் போக வேண்டியதெல்லாம் குழியிலேயே போய்விட்டதே, மிச்சம் இருப்பது கரி. கரி ஆவியாகாது, காற்றுப் பட்ட இடத்தில் மேல்தோல் மட்டும் தணலாக எரியும். வருஷா வருஷம் இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்த்து வளர்ந்தவன் நான். இலை எரிவதின் முன்பாதி கோயில் வாசலிலும் பின்பாதி தெருவிலுமாக நடந்துகொண்டிருந்ததை நாற்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன்.

என் செருப்பைத் தின்றதும் அந்தப் பின்பாதிதான். தணலுக்கு மேல் சாம்பல் மூடிக்கொண்டால் காற்று உள்ளே குறைவாகத்தான் போகும், சூடும் குறைவாகத்தான் வெளியே போகும். நிதானமாக, புகைகூட அதிகம் காட்டாமல், கங்கு கிடந்துகொண்டே இருக்கும். அப்பாயி ராத்திரி அடுப்பில் கங்கைச் சாம்பலால் மூடிவைத்து, விடியற்காலையில் கிளறி ஒரு பன்னாடையை வைத்து ஊதிப் பற்றவைப்பாள். தீப்பெட்டி மிச்சம் பிடிக்கிறாள் என்று சிரித்திருக்கிறோம்.

எல்லா இலையும் ஒரே மாதிரி எரியாது என்பதைச் சருகு கூட்டுகிற யாரும் சொல்வார்கள். தேக்கும் பலாவும் காய்ந்தால் சுருண்டுகொள்ளும். குவித்தாலும் இடையிடையே காற்று நிற்கும், ஒரு குச்சியில் பற்றும். காட்டிலும் அதே கதைதான். முதுமலை மாதிரி இலையுதிர் காடுகளில் கோடைக்கு முன்பே சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவது இதனால்தான். மாவிலை தட்டையாக, புத்தகப் பக்கம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்ளும். நடுவில் காற்று போகாது, புகைந்துகொண்டே கிடக்கும். கொஞ்சம் பனி இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும், அதை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். தீ தன் சம்பாத்தியத்தையெல்லாம் தண்ணீரைத் துரத்துவதிலேயே செலவழித்துவிடும். இலை 200, 300 டிகிரியிலேயே திணறும். ஆவி வரும், பற்றாது. தெருவையே மூடுகிற அந்தக் கெட்டி வெள்ளைப் புகை முழுக்க எரியாமல் தப்பிய தார்த் துளிகளும் நீராவியும்தான். கூடவே கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு.

கொளுத்துவதை நான் விட்டது விஞ்ஞானத்தால் இல்லை. பக்கத்து வீட்டு அத்தையின் பேரன் லீவுக்கு வந்திருந்தான், ஐந்து வயது, வீசிங் உண்டு. ஒரு சாயங்காலம் என் மாவிலைக் குவியலின் புகை மதிலைத் தாண்டி அவர்கள் முற்றத்தில் இறங்கிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பையனை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காற்று வைத்துவிட்டுத் திரும்ப அழைத்து வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. இத்தனைக்கும் திறந்தவெளியில் குப்பை கொளுத்தக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. அதே வருஷம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணக் கொளுத்தலுக்கு 5,000 ரூபாய், பெரிய அளவில் கொளுத்தினால் 25,000 ரூபாய் என்று அபராதமும் வைத்தது. எங்கள் தெருவில் அந்த ரூபாயைக் கட்டியவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் சாம்பல். சாம்பல் நல்ல உரம்தானே என்பது எங்கள் தெருவின் பதில். பாதி சரி. மரம் இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கணிசமாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், கிட்டத்தட்ட பாதி வரை. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகிற மாதிரி. கால்சியத்தை மட்டும் கழற்ற முடியாது, இலையோடு அது விழுந்துவிடும். கொளுத்தினால் அந்தக் கால்சியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். பாத்திரம் துலக்கச் சாம்பல் உதவியது அதன் காரத்தால்தான். ஆனால் மரம் மிச்சம் விட்டுப்போன நைட்ரஜன் புகையோடு போய்விடும். கத்தரிச் செடி கேட்பது அதைத்தான்.

எடைக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ சருகு கொளுத்தினால் 50 முதல் 100 கிராம் வரை சாம்பல். மீதி? சுத்தமான செல்லுலோஸ் ஒரு கிலோ முழுசாக எரிந்தால் 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கார்பன் டை ஆக்சைடும், அரை கிலோவுக்கு மேல் தண்ணீரும் வரும். போட்டது ஒரு கிலோ, வந்தது இரண்டு கிலோ சொச்சம். கூடுதல் எடை காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜன். வெளிவரும் சூடு கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி. 40 கிலோ சருகில் இருப்பது ஒரு 14.2 கிலோ சிலிண்டரின் சூடு. வருஷத்துக்கு எத்தனை சிலிண்டரைக் கொல்லையில் திறந்துவிட்டிருக்கிறேன் என்று யோசித்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

இதே கணக்கு மக்குவதற்கும் பொருந்தும் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது. கிருமிகள் தின்று முடித்தாலும் செல்லுலோஸ் போய்ச் சேருகிற இடம் அதே கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான். முழுக்கத் தின்றால் வெளிவருகிற சூடும் அதே 4,000 கிலோகலோரிதான். தீ பத்து நிமிஷத்தில் கொட்டிவிடுவதை இவை மாசக் கணக்கில் சில்லறை மாற்றுகின்றன. பாதி வழியில் நிறுத்தினால் மக்கு உரம் கிடைக்கும்.

அதனால் போன மாசியில் மூன்றரை அடி நீளம், அகலம், உயரத்துக்குக் கம்பி வலையை வளைத்து நட்டேன். சிறியதாகக் குவித்தால் சூடு நிற்காது. சருகில் கார்பன் அதிகம், நைட்ரஜன் குறைவு. நைட்ரஜன் ஒன்றுக்குக் கார்பன் ஐம்பது, அறுபது என்று இருக்கும். கிருமிகளுக்கு ஒன்றுக்கு முப்பது இருந்தால் சௌகரியம். அதனால் சருகு ஒரு அடுக்கு, வேலியில் வெட்டிய பச்சைக் கிளிரிசிடியா ஒரு அடுக்கு, மேலே சாணிக் கரைசல். மாவிலையை மட்டும் மண்வெட்டியால் கொத்திப் போட்டேன், அந்த மெழுகுத் தோலோடு அப்படியே போட்டால் அடுத்த மாசி வரை மாவிலையாகவே இருக்கும். ஈரம், கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழுகிற அளவு.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. எருக்குழி வைத்தால் காண்டாமிருக வண்டு வரும், தென்னைக் குருத்தை வெட்டும். உண்மைதான். கஜாவில் விழுந்த மரங்கள் அழுகிக் கிடந்த காலத்தில் அந்த வண்டு படுத்திய பாடு எங்கள் ஊருக்கு மறக்காது. அதன் புழு மக்குகிற எதிலும் வளரும். குவியலின் நடு சுடும், ஓரம் ஆறியே இருக்கும், ஓரத்தில்தான் முட்டை வைக்கும். பத்து நாளுக்கு ஒரு தடவை புரட்டுகிறேன், கட்டைவிரல் தடிமனில் சுருண்டு கிடக்கும் புழுக்களைக் கோழி பார்த்துக்கொள்கிறது. வேளாண் கடையில் அந்தப் புழுவைக் கொல்கிற மெட்டாரைசியம் பூஞ்சையும் கிடைக்கிறது, அதையும் ஒரு தடவை கரைத்துத் தெளித்தேன். கோழிதான் சுறுசுறுப்பு.

சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் வாங்கவில்லை. கடப்பாரையைக் குவியலின் நடுவில் செருகிவிடுவேன், கால் மணி கழித்து உருவி முனையைத் தொட்டுப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் கை வைக்க முடியவில்லை. 55லிருந்து 65 டிகிரி வரை போகும் என்பார்கள், களை விதையும் நோய்க் கிருமியும் சாகிற சூடு. அன்றைக்கு மாசிப் பனி நன்றாக இறங்கியிருந்தது. முதல் தடவை புரட்டலாம் என்று மண்வெட்டியால் ஒரு பக்கம் பிளந்தேன். குபுக்கென்று ஆவி கிளம்பியது. உள்ளே இலைகள் மேலெல்லாம் சாம்பல் தூவினாற்போல் வெளுத்திருந்தன. ஆக்டினோமைசீட் என்கிற நுண்ணுயிர் நூல் நூலாகப் படர்ந்தால் அப்படித்தான் இருக்கும், புது மழை மண்ணின் வாசமும் அதனுடையதுதான். ஆனால் பார்வைக்கு அது அசல் நீறு. எனக்கே ஒரு நொடி கால் பின்வாங்கியது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கொளுத்திட்டியா?"

"இல்ல அத்தை. தானா சுடுது."

"தானா எப்படிச் சுடும்? உள்ள சாம்பலாக் கெடக்கு, பொகையுது." சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடப்பாரையை நீட்டினேன். முனையைத் தொட்டுவிட்டுப் பட்டென்று கையை இழுத்துக்கொண்டு, முந்தானையில் விரலைத் துடைத்தார். குனிந்து ஆவியை மோந்து பார்த்தார். "பொகை வாடையே இல்லியே."

"இது ஆவிதான் அத்தை."

"மல்லிச் செடிக்குப் போடலாமா?"

"ரெண்டு மாசம் போகட்டும். இப்பப் போட்டா வேரு வெந்துரும்."

தலையை ஆட்டிக்கொண்டே போனார். மறுநாள் சாயங்காலம் அவர் வாசல் வேப்பஞ்சருகிலிருந்து புகை வந்தது. பேரன் ஊரில் இல்லை. கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.